யார் சார் இப்போதெல்லாம் சாதி பார்க்கிறார்கள்?

"இந்தக் காலத்தில் யார் சார் சாதி பார்க்கிறார்கள்?" இந்தக் கேள்வி காதில் விழாத டீக்கடையோ கல்யாண வீடோ தொலைக்காட்சி விவாதமோ தமிழ்நாட்டில் இல்லை. கேட்கிறவர் பெரும்பாலும் நல்ல மனிதராகவே இருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆள் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்பார். அலுவலகத்தில் எல்லோருடைய டிபன் பாக்ஸிலும் கை வைப்பார். பேச்சு கொஞ்சம் சூடு பிடித்ததும் அடுத்த வரி வரும்: "பேசிப் பேசித்தான் சாதியை வளர்க்கிறார்கள். சான்றிதழில் சாதி, சீட்டில் சாதி, வேலையில் சாதி, இப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் சாதி. எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஒரே தலைமுறையில் தானாகப் போய்விடும்."

இந்தக் கருத்துக்குக் கட்சி கிடையாது. இடதும் வலதும் ஏதோ ஒரு மேடையில் இதைச் சொல்லியிருக்கின்றன. எல்லோரையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் நியாயம், வேற்றுமையை வாய்விட்டுச் சொல்வதுதான் பிரிவினை என்று இரண்டு நம்பிக்கைகள் இதற்குள் இருக்கின்றன. கேட்பதற்கு இதமான நம்பிக்கைகள்தான். ஆனால் பேசாமல் விடுவது என்ற கைமருந்தை இந்தியாவில் அதிகம் சாப்பிட்டுப் பார்த்த மாநிலம் தமிழ்நாடு. பலன் என்ன என்று இங்கேயே பார்த்துவிடலாம்.

1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் அது நடந்தும் விட்டது. வட மாநிலத்துக்காரர் ஒருவர் பெயரைச் சொன்னதும் அவருடைய குலம் தெரிந்துவிடும். தமிழர் பெயரில் தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான் நிற்கும். தமிழ்ச் சமூகம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய காரியம் இது. பெயரிலிருந்து சாதி போனால் ஊரிலிருந்தும் போய்விடும் என்ற கணக்கு மட்டும் சரியாக வரவில்லை.

சரியாக வரவில்லை என்பதற்கு அரசுப் பேருந்தே சாட்சி. தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஒரு காலத்தில் மன்னர்கள், தலைவர்களின் பெயர்கள் இருந்தன. சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், திருநெல்வேலியில் கட்டபொம்மன். இருபது ஆண்டுக்கும் மேலாகக் கட்டபொம்மன் பெயரோடு பஸ் ஓடியது. ஏறினார்கள், இறங்கினார்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. 1997-இல் விருதுநகரில் புதிதாகத் தொடங்கிய கழகத்துக்கு அன்றைய தி.மு.க. அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. சுந்தரலிங்கம் வேறு யாருமல்ல, அதே கட்டபொம்மனின் படைத் தளபதி. வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவர். பிறந்தது பட்டியல் சாதியில்.

அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு கிளம்பியது. தென் மாவட்டங்களில் மோதல் வெடித்தது, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. சேரன் போனார், பாண்டியன் போனார், கட்டபொம்மனும் போனார். ஊருக்கு அமைதி வந்தது என்றார்கள். பெயர் வைப்பதே பிரிவினை என்ற பாடமும் பரவியது. தளபதியின் பெயர் வரும்வரை மன்னரின் பெயர் யாரையும் பிரிக்கவில்லையே, அது ஏன் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லோரையும் ஒன்றாக நடத்தியதாக அரசு சொல்லிக்கொள்ளலாம். நடைமுறையில், மறுத்தவர்கள் கேட்டது கிடைத்தது. அதன்பின் சுந்தரலிங்கத்தின் பெயரோடு பஸ் ஓடவில்லை.

அதே 1997-இல் ஜூன் 30 அன்று மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அந்த ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, அதில் அவர் நின்று ஜெயித்தார். குற்றம் அவ்வளவுதான். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் இதே ஒதுக்கீட்டுக்காகப் பத்து ஆண்டு தேர்தலே ஒழுங்காக நடக்கவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வர மாட்டார். வந்து ஜெயித்தாலும் கையோடு ராஜினாமா செய்துவிடுவார். 2006-இல் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராக உட்கார்ந்து பேசிய பிறகுதான் தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். இந்தப் பத்து ஆண்டும் "ஒதுக்கீடு ஊரைப் பிரித்துவிட்டது" என்றே பேசப்பட்டது. ஒதுக்கீடு வருவதற்கு முன்பு அந்தத் தலைவர் நாற்காலியில் பட்டியல் சாதியினரில் ஒருவர்கூட ஏன் உட்கார்ந்ததில்லை என்ற கேள்விக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

உத்தப்புரத்தில் இது கண்ணுக்கே தெரிகிற மாதிரி நடந்தது. மதுரை மாவட்டத்துக் கிராமம். 1989 மோதலுக்குப் பிறகு தலித் குடியிருப்பை மறித்து ஒரு சுவர் எழுந்தது. சுமார் 600 மீட்டர் நீளம். பிறகு அதன் மேல் மின்கம்பியும் இழுத்தார்கள். சுவர் எழுந்து ஏறத்தாழ இருபது ஆண்டு, ஊர் ஒற்றுமையாக இருந்ததாகத்தான் கணக்கு. 2008-இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணியினர் அதை வெளியே கொண்டுவந்தார்கள். மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. மறுபக்கத்துக் குடும்பங்கள் குடும்ப அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்தில் போய்த் தங்கின. அமைதியான ஊரைப் பிரித்துவிட்டார்கள் என்ற புகார் அப்போதுதான் எழுந்தது. பிரித்தவர் யார்? சுவர் கட்டியவரா, சுவர் இருக்கிறது என்று சொன்னவரா?

இது கிராமத்துக் கதை, நகரத்தில் இதெல்லாம் ஏது என்பார் நம் நண்பர். நகரத்துக்கே வருவோம். சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய யாருக்கும் இந்த உரையாடல் புதிதல்ல.

"சொந்த ஊர் எது தம்பி?"

"விழுப்புரம் பக்கம் சார்."

"பக்கம்னா? எந்த ஊரு?"

ஊர்ப் பெயர் வருகிறது.

"ஊருக்குள்ளயா, வெளியயா?"

சிறிய இடைவெளி. "வீட்ல நான்வெஜ் சமைப்பீங்களா?"

"எப்பவாவது சார்."

"சரி தம்பி, வீட்ல கேட்டுட்டு போன் பண்றேன்."

போன் வராது. சாதி என்ற சொல்லே அங்கே உச்சரிக்கப்படவில்லை. வீட்டுக்காரர் தான் சாதி பார்த்ததாக ஒரு நாளும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஏமாற்றுவதற்காகக்கூட இல்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புவார். பெயரில் பட்டம் இல்லாத ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க இவ்வளவு கேள்விகள் தேவைப்படுகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெயரே காட்டிக்கொடுக்கிற இடங்களில் கேள்விக்கும் அவசியமில்லை. பொருளியல் அறிஞர் சுக்தேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் செய்த ஆய்வு 2007-இல் எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி இதழில் வந்தது. நாளிதழ் விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் போட்டார்கள். படிப்பும் தகுதியும் சமம், மாறியது பெயர் மட்டும். உயர்சாதி இந்துப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. விண்ணப்பத்தில் யாரும் சாதி பற்றி எழுதவில்லை. இடஒதுக்கீடு அந்த நிறுவனங்களின் வாசலைக்கூட மிதித்ததில்லை. பேசாவிட்டால் போய்விடும் என்றால், முதலில் போயிருக்க வேண்டியது அங்கேதான்.

இன்னொரு கணக்கு நாடாளுமன்றத்திலேயே வந்தது. கையால் மலம் அள்ளுவது தொழில் சார்ந்தது, சாதி சார்ந்ததல்ல என்பது ஒன்றிய அரசின் நிலை. 2021-இல் சமூக நீதித் துறை அவையில் வைத்த விவரத்தின்படி, அந்த வேலையில் இருப்பதாகக் கண்டறியப்பட்டுச் சாதி விவரமும் கிடைத்தவர்கள் 43,797 பேர். அவர்களில் பட்டியல் சாதியினர் 42,594 பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. சாதி என்ன என்று கேட்டு எழுதியதால்தான் இந்த எண் கிடைத்தது. கேட்காமல் விட்டிருந்தால் "தொழில் சார்ந்தது" என்ற வாக்கியம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

இதே மாதிரி ஒன்று 2022 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நடந்தது. குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட புகாரை விசாரிக்க ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் போனார்கள். தொட்டி வழக்கில் குற்றம் யார் மேல் என்பது இன்னும் சர்ச்சைக்குரியது, அதை விட்டுவிடுவோம். போன இடத்தில் அதிகாரிகள் பார்த்தவை வேறு. அங்கிருந்த டீக்கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் பட்டியல் சாதியினருக்கு அனுமதி இல்லை. ஆட்சியரே மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார், டீக்கடைக்காரர் மேல் வழக்குப் பதிவானது. அந்தத் தனிக் குவளைகள் அன்று காலையில் வாங்கி வைத்தவை இல்லை. தினமும் கழுவி, தினமும் தனியாக அடுக்கி வைத்தவை. அதில் குடித்தவர்களும் பேசவில்லை, பக்கத்தில் நின்று கண்ணாடி கிளாஸில் குடித்தவர்களும் பேசவில்லை. அந்த மௌனத்தில் குவளைகள் கரைந்து போய்விடவில்லை.

எதிர்த்தரப்பில் சரக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கணக்கெடுப்பு சாதியை இறுக்கும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. 1901 கணக்கெடுப்பில் அதன் ஆணையர் ரிஸ்லி சாதிகளை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தப் போக, எங்களை இன்னும் மேலே போடுங்கள் என்று நாடெங்கும் சாதிச் சங்கங்கள் மனுக்களோடு வரிசையில் நின்றன. இன்றைக்கும் சாதிக் கட்சிக்காரருக்கு ஓர் எண்ணிக்கை கிடைத்தால் அதை வைத்து மாநாடு போடுவார். இதையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ரிஸ்லி கேட்டது யார் உசத்தி என்று. இன்று கேட்க வேண்டியது யாருக்கு நிலம் இருக்கிறது, யாருக்கு வேலை இல்லை என்று. முன்னதற்கு வந்த விளைவைக் காட்டிப் பின்னதைத் தடுப்பது நியாயமில்லை.

கணக்கு வந்தால் லாபம் சாதிக் கட்சிகளுக்கே என்ற பயமும் பாதி உண்மைதான். எண்ணிக்கை இல்லாத ஊரில்தான் அவர்களுடைய கை ஓங்கியிருக்கிறது. 2021 பிப்ரவரியில், தேர்தல் தேதி அறிவித்த அதே நாளில், வன்னியருக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது. இன்றைய நிலையைக் காட்டும் தரவு இல்லை என்பது முக்கியமான காரணம். கணக்கு இருந்திருந்தால் கோரிக்கை நியாயமா இல்லையா என்று தெரிந்திருக்கும். இல்லாததால் தேர்தல் பேரமாக வந்து, நீதிமன்றத்தில் விழுந்து, இரண்டு தரப்பிலும் கசப்பை மட்டும் விட்டுப்போனது.

எண்ணிப் பார்த்தால் பெரிய சாதிகளுக்கு எதிராகவே கணக்கு வரவும் கூடும். பிற்படுத்தப்பட்டோருக்குள் உள்பிரிவு பற்றி ஆராய நீதிபதி ரோகிணி தலைமையில் 2017-இல் ஓர் ஆணையம் அமைந்தது. ஒன்றிய அரசு வேலைகளையும் கல்வி இடங்களையும் அது அலசியபோது, 97 சதவீதம் சுமார் கால்பங்கு சாதிகளுக்கே போயிருப்பது தெரிந்தது. 983 சமூகங்களுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சாதியே பார்க்காதே என்கிறவரும், எங்கள் சாதிக்கு மட்டும் பார் என்கிறவரும் கைகோக்கிற இடம் இதுதான். அந்த 983 சமூகங்களைப் பற்றி இருவருக்குமே கவலையில்லை. அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் முதலில் அவர்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு 2009-இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்தது அப்படிப் பெயர் சொல்லித்தான். பட்டியல் சாதிகளுக்குள் இப்படிப் பிரித்துத் தரலாம் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

"சாதி வேண்டாம், பொருளாதாரத்தைப் பாருங்கள்" என்பது நண்பரின் கடைசி ஆயுதம். பொருளாதாரத்தைப் பார்க்கும் இடஒதுக்கீடு ஒன்று நாட்டில் இருக்கிறது. 2019 ஜனவரி 8-இல் மக்களவையிலும் 9-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 12-ஆம் தேதி ஒப்புதல் பெற்ற 103-ஆவது திருத்தம் தந்த 10 சதவீதம் அது. ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் ஏழை. ஆனால் ஏழை ஒருவர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு ஆகியவற்றில் பிறந்திருந்தால் அந்த வரிசையில் நிற்க முடியாது. ஆக அங்கேயும் முதலில் பார்ப்பது சாதியைத்தான், வருமானச் சான்றிதழ் அதற்குப் பிறகு. 2022-இல் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மறுத்த இரு நீதிபதிகள் சுட்டிய குறையும் இந்த விலக்கல்தான். ஒதுக்கீடு என்றாலே நாடு பிளவுபடும் என்று முப்பது ஆண்டாக எச்சரித்தவர்களில் பலர் அந்தத் திருத்தம் நிறைவேறிய வாரம் வாயே திறக்கவில்லை.

அப்படியானால் எல்லா இடத்திலும் சாதியை எழுதி ஒட்ட வேண்டுமா? இல்லை. குழப்பம் இங்கேதான் வருகிறது. சாதியைக் காட்டிக்கொள்வது ஒன்று, சாதியால் நேர்ந்த நஷ்டத்தைக் கணக்குப் பார்ப்பது இன்னொன்று. தென் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் வகை. அதை எடுக்கத்தான் வேண்டும். நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை அதைத்தான் சொன்னது; பள்ளிகளின் பெயரில் இருக்கும் சாதியையும் நீக்கச் சொன்னது. அந்தக் குழு எதனால் வந்தது? 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன் அந்தப் பையன் தொல்லை தாங்காமல் பல நாள் பள்ளிக்கே போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஆசிரியர்கள் கேட்ட பிறகே விஷயம் வெளியே வந்தது. பேசாமல் இருந்தால் சரியாகிவிடும் என்ற அறிவுரையை அந்த வீடு முடிந்தவரை கடைப்பிடித்துப் பார்த்திருந்தது.

சிறை வழக்கும் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் வைத்ததற்கு அரசு சொன்ன காரணம், மோதலைத் தவிர்க்க என்பது. சென்னை உயர் நீதிமன்றம் ஒரு கட்டத்தில் அதை ஏற்றது. 2024 அக்டோபர் 3 அன்று சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றித் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியையும் நீக்கச் சொன்னது. யாரைத் துடைப்பத்துக்கு அனுப்புவது, யாரைச் சமையலுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய உதவிய பத்தி அது. அமைதி என்ற பெயரில் பிரித்து வைத்த அதிகாரிகளைப் பிரிவினைவாதிகள் என்று யாரும் சொன்னதில்லை. வழக்குப் போட்ட பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா சிறைகளில் நடப்பதை ஊர் ஊராகப் பெயர் சொல்லி எழுதியிராவிட்டால், அந்தப் பத்தி இன்னும் அங்கேயே இருந்திருக்கும்.

பீகார் 2023 அக்டோபர் 2 அன்று சாதிவாரி விவரத்தை வெளியிட்டபோது, இனி தெருவுக்குத் தெரு அடிதடிதான் என்று ஆரூடம் சொன்னார்கள். வந்தது ஒரு புத்தகக் கணக்கு. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 சதவீதம், பட்டியல் சாதியினர் 19.65, பொதுப் பிரிவினர் 15.52. அடுத்த மாதம் வந்த வருமான விவரப்படி, பட்டியல் சாதிக் குடும்பங்களில் 42.93 சதவீதம் மாதம் 6,000 ரூபாய்க்குள் பிழைக்கின்றன. பொதுப் பிரிவிலும் 25.09 சதவீதக் குடும்பங்களின் நிலை அதுதான். உயர்சாதி ஏழைகளை யாரும் கண்டுகொள்வதில்லை என்று அங்கலாய்ப்பவர்களுக்கு எத்தனை பேர் என்ற எண்ணைக் கொடுத்ததே அவர்கள் எதிர்த்த அந்தக் கணக்கெடுப்புதான்.

நிர்வாக ரீதியாகச் சிரமம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்ன ஒன்றிய அரசே, 2025 ஏப்ரல் 30 அன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு சாதியையும் எண்ணுவதாக முடிவெடுத்தது. 1931-க்குப் பிறகு முதல் முறையாக முழுக் கணக்கு. ஆகவே எண்ணலாமா கூடாதா என்ற சண்டை முடிந்துவிட்டது. எண்ணியதை என்ன செய்வார்கள் என்பதுதான் மிச்சம். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் திரட்டிய சாதி விவரத்தைப் பிழைகள் மலிந்தது என்று பூட்டி வைத்தார்கள். 2023 ஜூலையில் ஒப்படைக்கப்பட்ட ரோகிணி ஆணைய அறிக்கையையும் உடனே மக்கள் முன் வைக்கவில்லை. வரப்போகும் கணக்காவது உட்சாதி வரைக்கும் பிரித்து, நிலம், வீடு, படிப்பு, வேலை எல்லாவற்றோடும் சேர்த்து முழுதாக வெளியே வர வேண்டும். தனியார் நிறுவனங்களும் தங்கள் ஊழியர் கணக்கைச் சொல்லியாக வேண்டும். சாதியே பார்ப்பதில்லை என்று சொல்லும் முதலாளிக்கு, பார்க்கவில்லை என்று காட்ட அதைவிடச் சுலபமான வழி கிடைக்காது.